விழுந்தப்புறம் பேச்சில்லை

அந்த அக்கா கடைக்குள் காலை வைக்கும்போதே எனக்குக் களைப்பு வந்துவிடும். கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் தின்ற நண்டில் பாதி அவள் கொடுத்தது. ஆனால் அவள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டால் அன்றைய காலை வேளை போனது போனதுதான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் நிற்பார்கள், ஆதாரில் விலாசம் மாற்ற வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். அவள் பாட்டுக்கு எங்கேயோ வடக்கில் இருக்கிற எவனோ ஒருவனுடன் சண்டையைத் தொடங்கிவிடுவாள். வாய் அவளுடையது, விரல் என்னுடையது.

பழவேற்காடு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அப்போது நான் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். இப்போது இல்லை. மூடிவிட்டுக் காட்டூரில் அப்பா வீட்டோடு வந்துவிட்டேன். அந்த அக்காவுக்கு வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம், கடலோரக் குப்பத்தில். கரையில் மீன் ஏலம் கூறுவது அவள் தொழில். படகு வந்து சேர்ந்ததும் வியாபாரிகள் கூடைகளைச் சுற்றி நிற்பார்கள், இவள் நடுவில் நின்று விலை கூறுவாள். காற்று எதிர்த்து அடித்தாலும் அவள் குரல் கடைசியில் நிற்கிறவன் காதுக்குப் போய்விடும். அந்தக் குரலை ஒரு சின்னக் கடைக்குள் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அவளை இந்த வம்பில் இழுத்துவிட்டது நான்தான். குப்பத்தில் யாருக்கோ பழைய ஐஸ் பெட்டி ஒன்று வேண்டும் என்று கேட்டாள். பழைய சாமான்களை ஏலம் விடுகிற ஒரு வலைத்தளத்தைத் திறந்து காட்டினேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுவும் ஏலமா?"

"ஆமாக்கா."

"கூறுறது யாரு?"

"யாரும் இல்லக்கா. அதுவே ஓடும். நேரம் முடிஞ்சா யாரு ஜாஸ்தி கேட்டாங்களோ அவங்களுக்கு."

"ஆளே இல்லாத ஏலமா? நல்லா கீது" என்று சிரித்தாள். அன்றிலிருந்து பிடித்துக்கொண்டது. குப்பத்தில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அவளிடம் சொல்வார்கள், அவள் என்னிடம் வருவாள். மிதவை, கயிறு, லைஃப் ஜாக்கெட், எஞ்சின் சாமான்கள். ஏலம் கேட்பதில் அவள் கெட்டிக்காரி, அதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

பொருளின் விலையில் அவளுக்கு ஒருநாளும் தகராறு வந்ததில்லை. தகராறெல்லாம் அனுப்புகிற கூலியில்தான். ஏலம் முடிந்த மறுநாள் விற்றவனிடமிருந்து செய்தி வரும். பார்சல் நினைத்ததைவிடக் கனம், மரச்சட்டம் அடிக்க வேண்டும், உங்கள் ஊர் தொலைவான பகுதி என்று கூரியர்காரன் தனியாகக் கேட்கிறான், ஆகவே இன்னும் கொஞ்சம் அனுப்புங்கள் என்று.

"தொலைவான பகுதியா? நாம எங்கம்மா தூரமா கீறோம்? நாம இங்கதான் கீறோம். அவன்தான் தூரமா கீறான்" என்பாள்.

கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் கூறுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். கூடை யாருடையது, ஐஸ் யாருடையது, தூக்கி வண்டியில் வைக்கிறவனுக்கு யார் கொடுப்பது என்று ஒன்று விடாமல். அதற்கு அவள் மொதப் பேச்சு என்று பெயர் வைத்திருந்தாள். அப்புறம் விலை கூறுவாள். மூன்றாம் தரம் கூறியதும் ஏலம் விழுந்தது. விழுந்தப்புறம் பேச்சில்லை. அதற்குமேல் ஒருத்தன் வாயைத் திறந்து இன்னொன்று கேட்டால் அவன் ஏலத்துக்கு லாயக்கில்லாதவன்.

எனக்கு இது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் எல்லாம் தலைகீழ். நெல் மூட்டையை லாரியில் ஏற்றிய பிறகுதான் வியாபாரி ஈரம் இருக்கிறது, பதர் இருக்கிறது என்று கழிப்பான். அப்பா தலையை ஆட்டுவார். நானும் தலையை ஆட்டிப் பழகியவள்தான். அக்காவிடம் இதைச் சொன்னபோது என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அதான் உங்க ஊருல எல்லாருக்கும் கழுத்து தொங்கிகினு கீது" என்றாள். அன்று முதல் எனக்குப் பெயர் காட்டூரு. "இன்னா காட்டூரு, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டபடிதான் உள்ளே வருவாள்.

அந்த முதல் ஐஸ் பெட்டியை மறக்க முடியாது. விற்றவன் கோயம்புத்தூர்க்காரன். பெட்டி எடை இல்லாதது, ஆனால் இடத்தை அடைக்கும். அதனால் கூரியரில் எடையைப் பார்க்காமல் அளவைப் பார்த்துக் காசு கேட்டிருந்தார்கள். நான் விளக்கிச் சொன்னேன்.

"பொட்டி உள்ள இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லக்கா. காலிதான்."

"அப்ப காத்துக்குக் கூலி கேக்குறான்."

"காத்துக்கு இல்லக்கா, இடத்துக்கு. நம்ம ஷேர் ஆட்டோல காலிக் கூடை ஏத்தினா இடத்துக்குக் காசு கேக்குறான் இல்ல, அந்த மாதிரி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அது நாயம்தான்" என்றாள். நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அவள் தொடர்ந்தாள். "நாயம்தான். ஆனா மொதப் பேச்சுல சொன்னானா? இல்ல. அப்ப அவன் கையிலேருந்து போட்டுக்கட்டும்னு அடி."

அவள் அப்படித்தான். கூலி ஜாஸ்தியா கம்மியா என்று அவள் பார்த்ததே இல்லை. முன்னால் சொன்ன கூலி இரட்டிப்பாக இருந்தாலும் மறுபேச்சில்லாமல் கொடுப்பாள். சொல்லாத கூலி பஸ் டிக்கெட் அளவு இருந்தாலும் கொடுக்க மாட்டாள். அந்தக் கோயம்புத்தூர்க்காரன் கடைசியில் பெட்டியை அனுப்பிவிட்டு, தயவுசெய்து இனி என்னிடம் எதுவும் வாங்காதீர்கள் என்று எழுதியிருந்தான். படித்துக் காட்டினேன். "மரியாதையானவன்" என்றாள்.

அவள் சொல்வதை நான் அப்படியே அடிக்க மாட்டேன், அது எப்படி முடியும். அவள் சொல்கிற வார்த்தைகளுக்கு ஆங்கிலத்தில் இடமில்லை, இருந்தாலும் எனக்குத் தெரியாது. 'ஐயா, ஏலத்துக்கு முன் குறிப்பிடாத கட்டணத்தை நாங்கள் ஏற்க இயலாது' என்று அடிப்பேன். ஒருநாள் திரையை உற்றுப் பார்த்தாள்.

"நான் இவ்ளோ நேரம் கத்திகினு கீறேன். நீ ரெண்டே வரி அடிச்சிக்கீற."

"இங்கிலீஷ்ல சுருக்கமா வரும்கா."

"அவன் அம்மாவப் பத்தி சொன்னேனே, அது எங்க கீது?"

"இதோ, இந்தக் கடைசி வார்த்தை" என்று 'நன்றி'யைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. நம்பாமல் போனாலும் சிரித்துவிட்டாள்.

எல்லாரிடமும் இதே கதைதான். ஒருமுறை அவள் ஓட்டர் கார்டை லேமினேஷன் போட்டுக் கொடுத்து, அதற்குத் தனியாகக் கேட்டேன். மொதப் பேச்சுல சொன்னியா என்றாள். சொல்லவில்லை. சிரித்த முகமாகவே கார்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எரிச்சலில் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஒரு பை நிறைய இறாலோடு வந்து நிற்கிறாள். இது எதற்கு என்றால், "இது சும்மா. அது வேற, இது வேற" என்கிறாள். இப்படிப்பட்டவளிடம் எத்தனை நேரம் கோபித்துக்கொண்டு இருக்க முடியும்.

அவளுக்கென்று இருந்தது ஒரு தம்பி மட்டும்தான். புருஷன் கல்யாணமாகிச் சீக்கிரமே போய்விட்டார். அம்மா செத்தபோது தம்பி இடுப்புக் குழந்தை. வளர்த்தது இவள். அவனை நைனா என்றுதான் கூப்பிடுவாள். நல்ல பையன், அதிகம் பேச மாட்டான். அக்காவும் தம்பியும் சேர்த்து வாங்கிய ஒரு ஃபைபர் படகு இருந்தது, அதில் ஒரு பழைய அவுட்போர்டு எஞ்சின்.

அந்தத் தம்பி படகின் மீனைக்கூட அவள்தான் ஏலம் கூறுவாள். ஒருதரம் கூடையில் மேலே பொடி இறால், அடியில் பெரிய இறால். கலந்து போட்டதை யாரும் கவனிக்கவில்லை. பொடி விலைக்கு விழுந்துவிட்டது. வியாபாரி கூடையைக் கவிழ்த்ததும்தான் தெரிந்தது. தம்பி பதறிப்போய் அக்கா அக்கா என்கிறான். இவள் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "விழுந்துடுச்சி நைனா" என்று மட்டும் சொன்னாள். இதை என்னிடம் சொன்னது அந்தத் தம்பிதான். "ராவெல்லாம் கஷ்டப்பட்டது நானு, பேரு வாங்குறது அவங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னான்.

அந்த எஞ்சின்தான் பிறகு காலை வாரியது. கீழ்ப்பாகம், ப்ரொப்பல்லரைச் சுழற்றுகிற கியர் பெட்டி, உடைந்துவிட்டது. அந்த மாடல் இப்போது வருவதில்லை. சென்னையில் தேடினார்கள், கிடைக்கவில்லை. படகு கரையில் ஏறி உட்கார்ந்தது. தம்பி மற்றவர்கள் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்த நேரத்தில்தான் வளைகுடாவுக்கு மீன்பிடிக்க ஆள் எடுக்கிற ஏஜென்ட் ஒருத்தன் குப்பத்துக்கு வந்துபோகத் தொடங்கினான். தம்பி வயதுப் பையன்கள் ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்தார்கள்.

அக்கா தினம் வந்தாள். "தேடும்மா. கியர் வந்தா அவன் நின்னுடுவான். வரலன்னா போயிடுவான்" என்றாள். அப்போது அவள் குரல் கரையில் கேட்கிற குரலாக இல்லை. நானும் தேடினேன். வேறு வேலைகளை ஒதுக்கிவிட்டுத் தேடினேன்.

கிடைத்தது. அதே மாடல், நல்ல நிலை, விற்கிறவன் குஜராத் பக்கம். ஏலம் கேட்டு எடுத்தாள். அன்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களுக்கும் சேர்த்து.

மறுநாள் செய்தி வந்தது. கனமான இரும்பு, எண்ணெய் ஒழுகாமல் கட்ட வேண்டும், அதற்குத் தனி என்று. 

"குடுத்துத் தொலைங்கக்கா. இந்த ஒரு தடவ" என்றேன்.

"மொதப் பேச்சுல இல்ல."

"சரி, அப்ப பதில் போடுறேன். வழக்கமா போடுற மாதிரி."

"போடாத."

எனக்குப் புரியவில்லை. அவள் நிதானமாக விளக்கினாள். இது பெரிய சாமான், இவன் கெட்டியான ஆள். கெட்டியான ஆளிடம் பதில் பேசக்கூடாது. கரையில் ஏலம் விழுந்த பிறகு பெரிய வியாபாரி வந்து ஐஸ் கம்மி, தண்ணி ஜாஸ்தி என்று இழுப்பான். ஏலம் கூறினவள் ஒரு வார்த்தை பதில் சொன்னாலும் பேரம் மறுபடி திறந்துகொள்ளும். வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அவன் கத்திவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போவான்.

"விழுந்தப்புறம் மொதல்ல வாயத் தொறக்கிறவன் தோத்தான். நீ சும்மா இரு காட்டூரு."

"அக்கா, இது கரை இல்ல. இங்க பேசாம இருந்தா நாம உட்டுட்டோம்னு எடுத்துப்பாங்க."

"உன்னாண்ட யாரு சொன்னா?"

"இதோ எழுதியே போட்டிருக்கான்கா. குறிப்பிட்ட நாளைக்குள்ள பதில் இல்லன்னா ஏலம் ரத்துன்னு."

"பயங்காட்டுறான்" என்றாள். "எத்தினி பேரப் பாத்துக்கீறேன்."

அதற்கப்புறம் தினமும் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்திலிருந்து நினைவூட்டல் வந்தது, அதையும் படித்துக் காட்டினேன். ஒவ்வொரு செய்தி வரும்போதும் அவளுக்குத் தெம்பு கூடியது. பார்த்தியா, அவனே பேசிக்கினு கீறான், நாம பேசல என்றாள். கெடு முடிந்த அன்று காலையில் வந்து திரையைப் பார்த்தாள். ரத்து என்று சிவப்பில் இருந்தது. கட்டின பணம் அப்படியே திரும்பி வந்துவிட்டது, கியர் மறுபடி ஏலத்துக்குப் போய்விட்டது.

"ரத்துன்னா?"

"நம்முது இல்லன்னு அர்த்தம்கா."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஆத்திரம், நல்லா வேணும் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடையில் நின்றவர்கள்கூட அன்று முணுமுணுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "திரும்ப ஏலம் கேளு" என்றாள். "கூலி எவ்ளோனு அவனாண்ட மொதல்ல கேக்கட்டுமாக்கா?" என்றேன். "ஒண்ணும் கேக்காத. அவன் இன்னா சொல்றானோ அத்தக் குடு." இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

இந்த முறை வேறு யாரோ போட்டிக்கு வந்தார்கள். அவள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் "ஏத்து" என்றாள். விழுந்தது, எங்களுக்கே விழுந்தது. சரியாக அப்போதுதான் தம்பி கடைக்குள் வந்தான். பாஸ்போர்ட்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றான். அக்கா இருப்பதை அவன் எதிர்பார்க்கவில்லை.

"கியர் வருது நைனா. இத உள்ள வை" என்றாள் அக்கா.

அவன் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "ஏஜென்ட்டாண்ட சரின்னு சொல்லிட்டேன்கா."

"எப்ப?"

"நேத்து. ரெண்டு வருஷம்னு பேச்சு."

"வேணாம்னு சொல்லிடு. ஒரு போன் பண்ணு."

"விழுந்தப்புறம் பேசலாமாக்கா?"

குத்திக் காட்டுகிற பேச்சு இல்லை அது. அவன் நிஜமாகவே கேட்டான். அவள் வளர்த்த பிள்ளை. அக்கா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நான் அவன் கையிலிருந்து பாஸ்போர்ட்டை வாங்கி மெஷினில் வைத்தேன். வேறென்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவன் வளைகுடாவுக்குப் போன பிறகுதான் கியர் வந்து சேர்ந்தது. கூரியர்காரன் என் கடையில் இறக்கிவிட்டுப் போனான். அக்கா மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். மாட்டியும் விட்டார்கள். ஓட்டத்தான் ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் படகைக் கேட்டார்கள், தரவில்லை. "எம் பிடிவாதத்துல அவன உட்டுட்டேன் காட்டூரு" என்று ஒருநாள் சொன்னாள். இல்லக்கா என்று நான் சொல்லவில்லை. அவளிடம் பொய் சொல்ல வராது எனக்கு.

ஏலம் கேட்க வருவது நின்றுபோனது. அவளுடைய போன் பழையது, அதில் முகம் பார்த்துப் பேச முடியாது. அதனால் தம்பியோடு பேச மட்டும் என் கடைக்கு வருவாள், வெள்ளிக்கிழமைகளில், அவனுக்கு அங்கே லீவு. ஏதாவது கேட்பாள், அவன் ஏதாவது சொல்வான். மீன் இன்னா மீன், வெய்யில் எப்டி, சோறு இன்னா சோறு. அவன் முகம் ஒவ்வொரு வாரமும் கருத்துக்கொண்டே வந்தது. அது எனக்கே தெரிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா என் போனைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு, "வந்துடு நைனா" என்றாள்.

"ரெண்டு வருஷம் பேச்சுக்கா."

"பேச்ச உட்டுட்டு வா. பரவால்ல. நான் சொல்றேன்."

கடையில் இருந்த எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். குப்பத்து ஆள்கள் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களும். 

"பாஸ்போர்ட்ட வாங்கி வெச்சிக்கினாங்கக்கா. வந்த அன்னிக்கே. அத யாரும் முன்னாடி சொல்லல."

"யாரு வெச்சிக்கினு கீறான்?"

"மொதலாளிதான்."

"அவனாண்ட போனக் குடு. நான் பேசுறேன்."

தம்பி சிரித்தான். உனக்கு அவங்க பாஷ தெரியாதுக்கா என்றான். சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே கோணியது, கையால் மூடிக்கொண்டான். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

"அவனாண்ட குடு நைனா. நான் பேசுறேன்" என்று அக்கா அணைந்த போனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரொம்ப மெல்லச் சொன்னாள், பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை.